மலையில் நடக்க எந்த கேமரா? கேள்வி பதில்

ஏற்காட்டுப் பக்கம் நடக்கிறவர்களும், முதுமலை, பெரியாறு, இரவிகுளம் என்று தேசியப் பூங்காக்களுக்குக் கிளம்புகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: அண்ணா, பட்ஜெட் 60,000 ரூபாய். டிசம்பரில் முதுமலை போறோம், அதுக்கு முன்னாடி ஏற்காட்டுல நடந்து படம் எடுத்துப் பழகலாம்னு இருக்கோம். 150-600 லென்ஸ் வாங்கிடலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முதுமலையில் நீங்கள் நடக்கப் போவதில்லை, வனத்துறை வண்டியில் உட்கார்ந்து போகப் போகிறீர்கள், அங்கே லென்ஸ் எவ்வளவு கனத்தாலும் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் அப்படி இல்லை, காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஏறி இறங்கி அரை நாள் நடப்பீர்கள். 150-600 லென்ஸ் (இந்த எண்கள் மி.மீ. கணக்கு, எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும்) மட்டுமே 2 கிலோவை ஒட்டி வரும், பாடியும், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவும் சேர்ந்தால் இரண்டரைக்குப் போய்விடும், முதல் ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் அது பைக்குள் போய் உட்கார்ந்துவிடும். பைக்குள் இருக்கிற கேமராவில் யாரும் படம் எடுத்ததில்லை. அதனால் நடக்கிறதுக்கு ஏற்ற செட்டை வாங்குங்கள், சஃபாரிக்குப் பெரிய லென்ஸை வாடகைக்கு எடுங்கள், கோவையிலும் பெங்களூரிலும் கிடைக்கும். வாங்க நான் சொல்வது நிக்கான் இசட் 50, கூடவே 16-50, 50-250 என்று இரண்டு லென்ஸ். பாடி 450 கிராம், லென்ஸ் 135, 405, ஆக மொத்தம் 1 கிலோ கூட ஆகாது. கேனான் ஆர் 50 உடன் 18-45, 55-210 எடுத்தால் இன்னும் லேசு, 800 கிராமுக்குள் முடிந்துவிடும். புதிதாகக் கட்டுப்படியாகவில்லை என்றால் செகண்ட் ஹேண்டில் பாருங்கள், ஆனால் லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஓமலூர், கல்லூரி மாணவர்: போன் மட்டும் போதாதா அண்ணா?

ஏற்காட்டுப் பகோடா பாயிண்டில் நின்று பள்ளத்தாக்கை எடுக்க, நண்பர்களை எடுக்கப் போதும், தாராளமாக. மரத்து உச்சியில் இருக்கிற மலை அணிலுக்குப் போதாது. அது வேண்டும் என்று தோன்றும்போது கேமரா வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்கு அந்தக் காசில் நல்ல ஷூ வாங்குங்கள்.

சூரமங்கலத்திலிருந்து ஓர் அக்கா: ஏற்காட்டில் எப்போதும் பனிமூட்டம், சாரல். கேமரா நனைந்து கெட்டுவிடுமோ என்று வெளியே எடுக்கவே பயமாக இருக்கிறது. லென்ஸில் பூஞ்சை வரும் என்றும் சொல்கிறார்கள்.

பயப்படாமல் எடுங்கள் அக்கா, ஏற்காடு அழகே அந்தப் பனிமூட்டம்தானே. சேலத்து வெயிலிலிருந்து மேலே ஏறும்போது கேமரா சூடாகவும் காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால் லென்ஸில் நீர் படியாது. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். குளிர்ந்துபோன கேமராவை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து அடிவாரத்துப் புழுக்கத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தாலும் இதே கதைதான். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் திறந்தால் ஒன்றும் ஆகாது.

சாரலுக்குக் குடைதான் என் தேர்வு. கூட வருகிறவர் பிடித்துக்கொண்டால் போதும். தனியாகப் போனால் ஹோட்டலில் தலைக்குக் கொடுக்கிற ஷவர் கேப்பைக் கேமரா மேல் மாட்டிக்கொள்ளுங்கள். கேமராவோடு சேர்த்தே விற்கிற கிட் லென்ஸ்கள் பெரும்பாலும் மழை தாங்குகிற மாதிரி செய்யப்பட்டவை இல்லை, அதனால் கனமழையில் வேண்டாம்.

பூஞ்சை ஒரு நாள் சாரலில் வருவதில்லை. ஈரத்தோடு தோல் உறைக்குள் போட்டு பீரோவில் மாசக்கணக்கில் மறந்துவிடுகிறோம் பாருங்கள், அப்போதுதான் வரும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் வைத்து, இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்து 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். நீல நிற ஜெல் ரோஸ் நிறமானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்கிற வேலை மட்டும் வேண்டாம், தூசிதான் உள்ளே போகும்.

இன்னொன்று, பனிமூட்டத்தைக் கேமரா தானாக எடுத்தால் சாம்பல் நிறமாக மங்கலாக வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றினால் வெள்ளை வெள்ளையாகவே வரும்.

ஆத்தூரிலிருந்து: ஏற்காட்டுக் கிளியூர் அருவியில் தண்ணீர் பட்டுப்போல விழுகிற மாதிரி எடுக்க ட்ரைபாட் கட்டாயமா?

ஷட்டர் அரை வினாடி, ஒரு வினாடி திறந்திருக்க வேண்டும் என்றால் கட்டாயம், கார்பன் ஃபைபரில் ஒன்றேகால் கிலோவுக்குள் இருப்பதாகப் பாருங்கள். ஆனால் என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள். நனைந்த பாறையிலும் இலையிலும் இருக்கிற பளபளப்பை அது எடுத்துவிடும், பச்சை பச்சையாகத் தெரியும், கூடவே வெளிச்சத்தையும் ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறைப்பதால் ஷட்டரும் மெதுவாகும். லென்ஸில் கை ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் இருந்தால் பாறையில் முழங்கையை ஊன்றி கால் வினாடி வரை கையிலேயே முயன்று பார்க்கலாம். மழைக்காலம் முடிகிற சமயம் போங்கள், கோடையில் போனால் வெறும் பாறைதான். சஃபாரி வண்டியில் ட்ரைபாடுக்கு வேலையே இல்லை, துணிப்பையில் அரிசி கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸை வையுங்கள்.

மேட்டூரிலிருந்து, ஓய்வு பெற்றவர்: எனக்குத் தோள் வலி. பறவைகள் எடுக்க ஆசை. லென்ஸ் மாற்றுகிற வேலையும் முடியாது. வழி உண்டா?

உண்டு சார். பானசோனிக் எஃப்இசட் 300 பாருங்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 25 முதல் 600 மி.மீ. வரை ஒரே லென்ஸ், முழு ஜூமிலும் 2.8 அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளை பெரிது, எடை 700 கிராம்கூட இல்லை, தூறலும் தாங்கும். சென்சார் சின்னது என்பதால் அடர்ந்த சோலைக்குள் படம் புள்ளி புள்ளியாக வரும், காலை வெயிலில் நன்றாக இருக்கும். படத் தரம் இன்னும் வேண்டும் என்றால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (இதைவிடப் பெரிய சென்சார் உள்ள ஒரு வகை) பாடியில் ஒலிம்பஸ் 75-300 லென்ஸ். 423 கிராம்தான், ஆனால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 150-600க்குச் சமம். அதையே மாட்டி வைத்துவிட்டால் லென்ஸ் மாற்றவே வேண்டாம். எதுவானாலும் கழுத்தில் தொங்கவிடாதீர்கள், உடம்புக்குக் குறுக்கே போடுகிற பட்டை வாங்குங்கள்.

சங்ககிரியிலிருந்து: டிரோன் எடுத்துட்டுப் போகலாமா?

தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. ஏற்காட்டிலும் காப்புக்காடு பக்கம் பறக்கவிடும் முன் வனத்துறையைக் கேளுங்கள்.

ஏற்காடு அடிவாரத்திலிருந்து: தோட்டத்துப் பாதையில் காட்டெருமை நின்றால் எப்படி எடுப்பது?

முதலில் அங்கேயே நின்றுவிடுங்கள், கிட்டே போக வேண்டாம். வளர்ந்த கடா ஒரு டன் வரை எடை வரும், குட்டியோடு இருக்கிற கூட்டம் என்றால் இன்னும் ஆபத்து. ஜூம் லென்ஸ் இருப்பதே தள்ளி நின்று எடுக்கத்தான். போனைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது, தயவுசெய்து உடன் வருகிறவர்களையும் தடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கறுத்த உடம்பு என்பதால் கேமரா அதிகமாக வெளிச்சம் கூட்டிவிடும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் மைனஸில் வையுங்கள். அது உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினால் படம் போதும், பின்வாங்குங்கள்.

சேலம் ஜங்ஷன் பக்கமிருந்து: குடும்பத்தோடு மூணாறு போய் இரவிகுளத்தில் வரையாடு எடுக்கணும். என்ன லென்ஸ்?

50-250 தாராளம். இரவிகுளம் பூங்காவில் இருக்கிற ராஜமலையில் வரையாடுகள் பாதை ஓரத்துக்கே வரும், சமயத்தில் 50க்கும் உள்ளே அடங்காது, அதனால் பெரிய லென்ஸைச் சுமக்க வேண்டாம். கூடுதல் பேட்டரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நான் சொன்ன நிக்கான், கேனான் போன்ற சின்ன மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் ஒரு பேட்டரிக்கு 300 படத்துக்கு மேல் கொஞ்சம்தான் தாக்குப்பிடிக்கும், குளிரில் இன்னும் குறையும். அப்புறம், குட்டி போடுகிற காலம் என்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூங்காவை மூடிவிடுவார்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு ரூம் போடுங்கள்.