சொற்பொழிவு ஏற்பாடு: கேள்வியும் பதிலும்

வரும் பருவத்துக்கான உரைப் பட்டியல்களைத் துறைகள் வெளியிடத் தொடங்கியிருப்பதால், உரைகளை ஏற்பாடு செய்வோரும் கேட்கச் செல்வோரும் அனுப்பிய கேள்விகளை ஒரே அமர்வில் எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத் துறை ஒன்றின் வாராந்தரக் கருத்தரங்கையும் ஆண்டுப் பொதுச் சொற்பொழிவையும் 14 ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். உரையில் என்ன சொல்வது என்பது பேச்சாளரின் பாடு. அவர் வாய் திறப்பதற்கு முன்பும், பேசி முடித்த பின்பும் நடப்பவற்றைப் பற்றித்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

கேள்வி: பட்டியலில் கருத்தரங்கு, கலோக்கியம், பொதுச் சொற்பொழிவு, அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று பல பெயர்கள் உள்ளன. நான் எந்தத் துறையையும் சேர்ந்தவன் அல்லன். எதற்கு வரலாம்?

பதில்: பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், யாரை மனத்தில் வைத்து உரை தயாரிக்கப்படுகிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. துறைக் கருத்தரங்கு, ஒரே சிறு கிளையில் ஆய்வு செய்யும் இருபது முப்பது பேருக்கானது. அங்கே பேச்சாளர் இரண்டாவது ஸ்லைடிலேயே குறியீடுகளுக்குள் இறங்கிவிடுவார், அதில் தவறும் இல்லை. கலோக்கியம் துறை முழுவதற்குமானது. இளநிலை மாணவர் முதல் இருபது நிமிடங்களாவது பின்தொடர முடிய வேண்டும் என்பது அதன் எழுதப்படாத விதி. பொதுச் சொற்பொழிவுக்கு எவரும் வரலாம். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்ற பெயரோ அவையினரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உரைக்கான நிதி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆயினும் நிதி கொடுத்தவரே அவையைத் தீர்மானித்துவிடுவதும் உண்டு. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1888 முதல் நடந்துவரும் கிஃபோர்டு சொற்பொழிவுகள், ஆடம் கிஃபோர்டு என்ற நீதிபதியின் உயிலால் ஏற்பட்டவை. மாணவர்களுக்கு மட்டுமன்றி ஊரார் அனைவருக்கும் அவை திறந்திருக்க வேண்டும் என்று அவர் அந்த உயிலிலேயே எழுதி வைத்தார். பட்டியலில் நீங்கள் விலகி நிற்க வேண்டிய வகை ஒன்றே ஒன்றுதான்: பணிக்கு விண்ணப்பித்தவர் நேர்காணலின் ஒரு பகுதியாக நிகழ்த்தும் உரை. அது அவருடைய வாழ்க்கை. வேடிக்கை பார்க்க வேண்டாம்.

கேள்வி: முன்பதிவு செய்யாமல் வந்தால் உள்ளே விடுவார்களா?

பதில்: முன்பதிவு கட்டாயம் என்று அறிவிப்பில் இல்லையென்றால் விடுவார்கள்.

கேள்வி: எங்கள் துறையில் தலைப்பைக் கவர்ச்சியாக மாற்றித் தருமாறு பேச்சாளரிடம் கேட்கிறார்கள். அது முறையா?

பதில்: யார் வர வேண்டும் என்பதைப் பொறுத்தது. 1993 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் மூன்று நாள் நிகழ்த்திய உரைகள், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிரூபிக்கப்படாமல் இருந்த ஃபெர்மாவின் தேற்றத்தில் போய் முடிந்தன; ஆனால் தலைப்பில் ஃபெர்மா என்ற பெயரே இல்லை. மட்டு வடிவங்கள், நீள்வட்ட வளைவரைகள், கால்வா உருவகங்கள் ஆகிய மூன்று தொழில்நுட்பச் சொற்கள்தான் இருந்தன. ஆயினும் மூன்றாம் நாள் அறை நிரம்பி வழிந்தது, ஏனெனில் அந்த மூன்று சொற்களும் சேர்ந்தால் எங்கே போய் முடியலாம் என்பதை ஊகிக்கத் தெரிந்தவர்களே அங்கே கூடியிருந்தனர். ஃபெர்மாவின் தேற்றத்தைப் பலகையில் எழுதி, இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு அவர் முடித்தார். (அந்த நிரூபணத்தில் பின்னர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, 1994-இல் சரிசெய்யப்பட்டது வேறு கதை.) அதே தலைப்பைப் பொதுச் சொற்பொழிவின் போஸ்டரில் போட்டால் நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும். பொது அவைக்கான தலைப்பில், உரை விடை தேடும் வினா தெரிய வேண்டும்; உரையில் இல்லாத ஒன்றை வாக்களிக்கக் கூடாது. மாற்றுத் தலைப்பை நீங்களே எழுதி பேச்சாளரின் ஒப்புதலைக் கேளுங்கள். “கொஞ்சம் கவர்ச்சியாக” என்று மட்டும் எழுதி அனுப்பினால், இருக்கும் தலைப்பின் இறுதியில் ஒரு வியப்புக்குறி சேர்ந்து திரும்பி வரும்.

கேள்வி: வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஜூம் வழியாகப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: கிழமை, தேதி, ஆண்டு, நேரம், எந்த நேர வலயம் என்பது. இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அறிவிப்பை அனுப்பாதீர்கள். கிழமை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அது தேதிக்குக் காவல்: தேதியைத் தவறாகத் தட்டச்சு செய்தால் கிழமையோடு பொருந்தாமல் போய், கவனமுள்ள ஒருவராவது கேட்டு எழுதுவார். ஆண்டு எதற்கென்றால், பழைய அறிவிப்புகள் தேடுபொறியில் சாகாமல் உலவுகின்றன. நேர வலயம்தான் எல்லாவற்றிலும் கொடியது. வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்றே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் நடக்கிறது. இடைப்பட்ட இரண்டு அல்லது மூன்று வாரங்கள், இரு கண்டங்களுக்கும் இடையே நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் வேறுபாடு ஒரு மணி நேரம் பிசகிவிடும். அக்டோபர் இறுதியிலும் ஒரு வாரம் இதே கதைதான். கடிகாரத்தையே மாற்றாத நாடுகளும் இதிலிருந்து தப்ப முடியாது, ஏனெனில் எதிர்முனையில் இருப்பவர் மாற்றிவிடுகிறார். ஒருமுறை நான் எண்பது பேரோடு வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சாளர் சரியாக ஒரு மணி நேரம் கழித்து மலர்ந்த முகத்தோடு தோன்றினார், அப்போது அறையில் நானும் திரைக்கருவியைப் பார்த்துக்கொள்பவரும் மட்டுமே இருந்தோம். உலகப் பொது நேரத்தையும் இரு தரப்பு உள்ளூர் நேரங்களையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

கேள்வி: பொதுமக்களுக்குக் கடினமான பொருளைக் கொடுத்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள் என்று துறைத் தலைவர் தயங்குகிறார்.

பதில்: 1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர், உயிர் என்றால் என்ன என்ற வினாவை எடுத்துக்கொண்டு பொதுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பொருள் கடினமானது என்று தொடக்கத்திலேயே எச்சரித்தும், ஏறத்தாழ நானூறு பேர் கொண்ட அவை சொல்லும்படியாகக் குறையவில்லை என்று அவரே பின்னர் அவ்வுரைகளிலிருந்து எழுதிய நூலின் முதல் இயலில் பதிவு செய்திருக்கிறார். என் அனுபவமும் அதுவே. எழுந்து போகிறவர்களில் பெரும்பாலோர், கடைசி வரிசைக்குக் குரல் எட்டாததால் போகிறவர்கள்.

கேள்வி: எங்கள் அரங்கு சிறியது. மைக் தேவையா?

பதில்: தேவை. “எனக்குக் கணீர்க் குரல், மைக் வேண்டாம்” என்று சொல்லும் பேச்சாளரிடம் பணிவாக, ஆனால் கையில் மைக்கைக் கொடுத்தபடியே பேசுங்கள். செவித்துணைக் கருவி அணிந்தவருக்கும், இணையத்தில் கேட்பவருக்கும், பதிவைப் பின்னர் கேட்பவருக்கும் மைக்கில் விழாத சொல் சொல்லப்படாத சொல்லே. கேள்வி கேட்பவருக்கும் இதே விதி.

கேள்வி: அறிவிப்பில் “மாலை 5 மணி” என்று போட்டால் போதாதா? எல்லோரும் உள்ளூர்க்காரர்கள்தானே?

பதில்: இணைய இணைப்பு கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் போதாது. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பேச்சாளர் கடைசி நேரத்தில் வராமல் போனால்?

பதில்: உங்கள் துறையிலேயே ஒருவரிடம் முப்பது நிமிட உரையொன்றை எப்போதும் தயார் நிலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். 1846 ஏப்ரலில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளிக்கிழமை உரைக்கு இயற்பியலாளர் வீட்ஸ்டன் வராமல் ஓடிவிட்டார் என்றும், அதனால்தான் இன்றளவும் பேச்சாளரை உரைக்கு முன் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியிருந்தாலும், அன்று உரையாற்றிய இயற்பியலாளர் ஃபாரடே, அதன் முடிவில் ஒளியையும் விசைக்கோடுகளின் அதிர்வையும் இணைத்துத் தம் மனத்திலிருந்த ஊகங்களை அவைக்கு முன் வைத்தார் என்பது உண்மை. ஒளி ஒரு மின்காந்த அலை என்று பின்னாளில் மாக்ஸ்வெல் எட்டிய முடிவுக்கு அது முதல் காலடி.

கேள்வி: பேச்சாளருக்கான மதிப்பூதியத்தில் வரி பிடிக்க வேண்டுமா? உரையைக் காணொளியாக வெளியிட எழுத்து ஒப்புதல் வேண்டுமா?

பதில்: முதலாவதை நிதிப் பிரிவிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு விடை, ஆம்; படிவத்தைச் சட்டப் பிரிவு தரும். உரை முடிந்த பிறகு அதை நீட்டுவது நாகரிகமன்று.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. கருத்தரங்கில் கேள்வி நேரம் பத்து நிமிடம். ஒவ்வொரு வாரமும் மூத்த பேராசிரியர் ஒருவர் “இது கேள்வியன்று, ஒரு கருத்து” என்று தொடங்கி ஏழு நிமிடங்களை எடுத்துக்கொள்கிறார். தலைமை தாங்குபவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நிறுத்த வேண்டும். அதற்கான நேரம், அவர் தொடங்கிய பின்பு அன்று, தொடங்குவதற்கு முன்பு. “கேள்விகள் ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும், முதல் கேள்வி மாணவர்களுடையது” என்று தலைமை தாங்குபவர் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டால், பிறகு யாரை இடைமறித்தாலும் அது அவமதிப்பாகாது. முதல் கேள்வியின் கனம் சிறிதன்று. 10 நாடுகளைச் சேர்ந்த 35 நிறுவனங்களில் 247 கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் வெளியான ஆய்வொன்றில், பெண்கள் கேட்ட கேள்விகள் அவையில் அவர்களுடைய விகிதத்தைவிடக் குறைவாகவே இருந்தன; முதல் கேள்வியை ஆண் ஒருவர் கேட்ட அவைகளில் அந்த இடைவெளி மேலும் விரிந்தது.

கேள்வி: நான் அத்தகைய “மூத்த பேராசிரியர்களில்” ஒருவன். கருத்துரைப்பது அறிஞர் அவையின் உரிமை. பேச்சாளர் அறியாத ஒரு முன்னோடி ஆய்வை நான் ஏழு நிமிடங்களில் விளக்கினால், அதனால் பயனடைவது மாணவர்கள்தாமே? எல்லாவற்றையும் வினாக்குறிக்குள் அடைப்பது பள்ளிக்கூடத்தனம்.

பதில்: ஐயா, உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். முன்னோடி ஆய்வைச் சுட்டுவது பெரும் உதவி. அதற்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் போதும், முப்பது நொடிகள். விளக்கம் உரைக்குப் பிந்தைய உரையாடலுக்கு உரியது. அவையினர் தம் மாலைப்பொழுதைக் கொடுத்தது பேச்சாளருக்கு. அதிலிருந்து உங்களுக்கும் எனக்கும் கிடைப்பது கடன்.

கேள்வி: இதே விவாதத்தில் ஒரு சொல். 1935-இல் லண்டனில் இளம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் உரை முடிந்ததும் மூத்த வானியலாளர் எடிங்டன் கேள்வி நேரத்தில் எழுந்து அவரை நகையாடினாரே, அதுதான் “கருத்துரைக்கும் உரிமை”யின் விளைவு!

பதில்: உணர்வு சரி, செய்தி தவறு. 1935 ஜனவரி 11 அன்று ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் பேசியது கேள்வி நேரத்தில் அன்று. சந்திரசேகருக்கு அடுத்த உரையே அவருடையதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அவை சிரித்தது, 24 வயது இளைஞருக்கு மறுமொழி சொல்ல இடம் கிடைக்கவில்லை. அங்கே பிழை எடிங்டனின் நாவில் மட்டும் இல்லை, முரண்படும் இரண்டு உரைகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு முதலாமவருக்கு மறுமொழி நேரம் ஒதுக்காத ஏற்பாட்டிலும் இருந்தது. வெள்ளைக் குறுமீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்கள்) எவ்வளவு நிறை கொண்டிருக்கலாம் என்ற வரம்பு பற்றி அன்று சந்திரசேகர் சொன்னதே நிலைத்தது. 1983-இல் நோபல் பரிசும் வந்தது. ஏற்பாட்டாளர்களாகிய நாம் நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிடத்தைச் சேர்ப்பதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி (அதே பேராசிரியர்): அப்படியானால் என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறீர்கள்.

பதில்: மாணவர்களுக்குப் பிறகு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் பேசுங்கள் என்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் என் முதல் உரை. ஒத்திகையில் எப்போதும் நேரம் மீறிவிடுகிறது. வேகமாகப் பேசினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, வேகத்தைக் குறைத்து, பொருளை வெட்டுங்கள். ஃபாரடே தம் உரைகளில் “மெதுவாக” என்று எழுதிய அட்டையைத் தம் கண்ணெதிரே வைக்கச் செய்தார். நேரம் நெருங்கியதைக் காட்ட வேறோர் அட்டையும் இருந்தது. கணிதவியலாளர் ஹில்பர்ட் 1900 ஆகஸ்டில் பாரிஸ் கணித மாநாட்டுக்காக, விடை காணப்படாத 23 சிக்கல்களைத் தொகுத்தவர், அவையில் எடுத்துரைத்தது பத்தைத்தான். மீதியை அச்சில் விட்டார். அவற்றின் புகழ் அதனால் குன்றிவிடவில்லை. முன்வரிசையில் நண்பர் ஒருவரை அட்டையோடு உட்கார வையுங்கள். நாற்பது நிமிட உரையில் கேட்பவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது ஒரு படத்தையும் ஒரு வாக்கியத்தையும்தான். அவை எவை என்று இன்றே முடிவு செய்துவிட்டு, அவற்றுக்கு உதவாத ஸ்லைடுகளை நீக்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து இணையத்தில் பேசுபவருக்கு எந்த நேரத்தைக் குறிப்பிட வேண்டும்?

பதில்: மேலே. இரண்டு முறை.

கேள்வி (மீண்டும் அதே பேராசிரியர்): வரும் பருவத்தில் எங்கள் துறையில் என் உரை இருக்கிறது. இவ்வளவு விதிகள் வகுக்கும் நீங்களே வந்து தலைமை தாங்கி, கேள்வி நேரத்தை நடத்திக் காட்டுங்கள். அறிவிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மகிழ்ச்சியோடு வருகிறேன், ஐயா. முதல் கேள்வி மாணவர்களுடையது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். அறிவிப்பைப் படித்தேன், அதிலுள்ள கிழமையும் தேதியும் பொருந்தவில்லை. எந்த நாள் வர வேண்டும் என்று தெரிவியுங்கள்.