பேனாவால் வரைந்த போர்வைக் குவியல்

கரூரிலிருந்து ஒரு குடும்பம் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். அம்மாவின் கைப்பையில் மகளின் மதிப்பெண் பட்டியலும் ஜாதகமும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. கூடவே தாய்மாமன். முதல் கால் மணி நேரம் பேசியது முழுக்க அவர்தான். தெரிந்த கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் சொல்லி வைத்திருக்கிறார். பணத்தில் பாதியை அவரே கடனாகத் தருவார். "பெண் பிள்ளை படம் வரைந்து என்ன செய்யப் போகிறது மேடம், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

நானும் வழக்கம்போல ஆறுதலாகத்தான் தொடங்கினேன். எல்லாப் படிப்பும் நல்ல படிப்பு, பதற வேண்டாம் என்றெல்லாம் சொன்னேன். நான்கு வருடத்துக்கு விடுதியோடு சேர்த்து ஆகும் தொகையை மாமா ஒரு காகிதத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார். அது அந்த அப்பாவின் மூன்று வருடச் சம்பளத்தைவிட அதிகம். அதற்குப் பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. அன்று சத்தத்துக்கு நடுவே பாதிதான் பேச முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பல வீடுகளில் பெற்றோர் விழித்துக்கொண்டிருப்பார்கள்.

ஐயா, முதலில் பணம். கணக்கில் 58 வாங்கிய பிள்ளைக்காகக் கணக்கையே அடித்தளமாகக் கொண்ட ஒரு படிப்பில் கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். கலந்தாய்வில் கிடைக்காத இடத்தை நன்கொடை கொடுத்து வாங்குவது அந்தப் பிள்ளையின் தோளில் முதல் நாளே மூட்டையை ஏற்றுவது. மைத்துனர் நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பணம் தருபவர் படிப்பையும் தேர்ந்தெடுப்பார், பிறகு வேலையையும், அதற்குப் பிறகு மாப்பிள்ளையையும் தேர்ந்தெடுப்பார். வேண்டாம். நகையையும் அடகு வைக்க வேண்டாம். இதே அறிவுரை பல லட்சம் கேட்கும் தனியார் டிசைன் படிப்புகளுக்கும் பொருந்தும். அனிமேஷன், ஆர்க்கிடெக்சர் பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி உங்கள் மகள்.

உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் அவளோடு தனியாகப் பேசினேன். நீங்கள் பெருமையாக உங்கள் போனில் காட்டிய படம் ஒரு நடிகரின் பென்சில் ஓவியம். 'அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது' என்று உறவினர் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "எனக்கு வரைய வராது மேடம்" என்றுதான் ஆரம்பித்தாள். தன் போனில் வேறொரு படத்தைக் காட்டினாள். ஏதோ ஒரு நாட்டில் அவள் வயதுப் பையன் வரைந்த நீர்த்துளி. துளிக்குள் ஜன்னல் தெரிகிறது. "இது எனக்கு எந்தக் காலத்திலும் வராது" என்றாள்.

தமிழ்நாட்டில் நம் காலத்து ஓவியர் ஒருவர் பெயரைச் சொல் என்று கேட்டேன். ரவி வர்மா என்றாள். அவர் இறந்தது 1906-ல், அவர் பிறந்ததும் கேரளத்துக் கிளிமானூரில். வாட்ஸப்பில் சுற்றும் அந்தக் கிராமத்துப் பெண்களின் ஓவியங்களை, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும் படங்களைப் பார்த்திருக்கிறாள். புகைப்படம் என்றே நினைத்திருக்கிறாள். அவற்றை வரைந்தவர் எஸ். இளையராஜா, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர், 2021-ல் கொரோனாவில் நாம் இழந்தவர் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படியெல்லாம் கல்லூரி இருக்கிறதா என்று கேட்டாள்.

இதுதான் விஷயம். பாட்டுக் கற்கும் பிள்ளை பத்துக் கச்சேரியாவது கேட்டிருக்கும். வரையும் பிள்ளை நம் ஊரில் ஓர் அசல் ஓவியத்தைக்கூட நேரில் பார்க்காமல் பிளஸ் டூ முடித்துவிடுகிறது. அது பார்த்ததெல்லாம் காலண்டரும் போன் திரையும்தான். தன்னை ஒப்பிட்டுக்கொள்ள அதற்குக் கிடைத்த ஒரே அளவுகோல் 'போட்டோ மாதிரி' என்பது. அந்த அளவுகோலில் கேமராவை யாரும் ஜெயிக்க முடியாது. ஆகவே எனக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. இதைத் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லி மனநல ஆலோசனைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் ரயிலேற்றுங்கள்.

சென்னைக்கு இரண்டு நாள் கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், எழும்பூர் அரசு அருங்காட்சியகம் அன்று விடுமுறை. அங்கே ஓவியக் கூடங்களைப் பார்த்துவிட்டுக் கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாடமிக்குப் போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் ஏதாவது ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருக்கும், வரைந்தவரே ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தயங்காமல் பேசச் சொல்லுங்கள். பார்க்க ஆள் வராதா என்று காத்திருப்பவர்கள் அவர்கள். மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கியது. மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்ற உங்கள் கேள்வியை அவர்களும் கேட்டுக்கொண்டவர்கள்தான்.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் பணிக்கரின் படங்களைத் தேடிப் பாருங்கள். 'வார்த்தைகளும் குறியீடுகளும்' என்ற வரிசையில் ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், கணக்குக் குறிகள், படிக்க முடியாத எழுத்துகள் நிறைந்திருக்கும். அம்மாவுக்கு அந்தக் கட்டங்களை அடையாளம் தெரியும். இதுவும் ஓவியமா என்று அவர் கேட்கட்டும், மகள் பதில் தேடட்டும். அந்தப் பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். ஐந்து வயதிலிருந்தே வகுப்புக்குப் போனவர்களோடு தன்னால் போட்டி போட முடியாது என்று புலம்பும் உங்கள் மகளுக்கு இந்த ஒரு தகவல் போதும் என்று நினைக்கிறேன்.

ஓவியர் அச்சுதன் கூடல்லூர் பெயரைச் சொன்னால் உங்கள் மைத்துனர் சட்டென்று பிடித்துக்கொள்வார் என்று தெரியும். ஆமாம், அவர் சிவில் இன்ஜினியரிங் டிப்ளமா படித்துப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். மாலை நேரங்களில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரைந்து பழகி, 1988-ல் தேசிய விருது வரைக்கும் போனார். "பார்த்தீர்களா, முதலில் இன்ஜினியரிங், பிறகு ஓவியம்" என்பார் மாமா. அவர் படித்தது டிப்ளமா, கிடைத்தது அரசு வேலை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படித்துவிட்டு, அதை அடைப்பதற்காக இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கு மாலை நேரம் எங்கிருந்து வரும்?

நான் சொல்லப்போகும் படிப்பு யாரும் சொல்லாதது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. ஓவியமும் சிற்பமும் அங்கே இருப்பது ஓரளவுக்குத் தெரியும். அச்சோவியம் என்ற பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. தகட்டிலோ பலகையிலோ வரைந்து, மை பூசி, காகிதத்தில் அச்செடுக்கும் கலை அது. பிரிண்ட்மேக்கிங் என்றுதான் அங்கே சொல்வார்கள். நான்கு வருடப் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணம், மாமா எழுதிய காகிதத்தின் பக்கத்தில் வைத்தால் சில்லறை. நுழைவுக்கு வரைந்து காட்ட வேண்டும். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்து, தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே கண்ணெதிரே இருக்கும் பொருள்களைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். போட்டோவைப் பார்த்து வரைவது உதவாது.

ஏன் அச்சோவியம்? உங்கள் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததால் சொல்கிறேன். நடிகர் படத்துக்குப் பின்னால், கடைசிப் பக்கங்களில் பால்பாயிண்ட் பேனாவில் ஒன்று வரைந்திருக்கிறாள். உங்கள் நிறுவனத்தின் பின்கட்டில் கழித்துப் போட்ட போர்வைகளின் குவியல். கோட்டின் மேல் கோடு குறுக்கே இழுத்து, மடிப்புகளின் இருட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். ஒரு முனையில் தைத்த லேபிள் வெளியே தொங்குகிறது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுடைய கை கோட்டின் கை. வண்ணம் குழைத்துப் பரப்பும் கை வேறு.

அச்சோவியத்தில் எட்சிங் என்று ஒரு முறை உண்டு. அதைச் செய்வதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். துத்தநாகத் தகட்டைத் தேய்த்து மெருகேற்றி, மெழுகும் தாரும் கலந்த மெல்லிய பூச்சைப் பரப்புவார்கள். அது காய்ந்ததும் ஊசியால் வரைவார்கள். ஊசி போன இடத்தில் பூச்சு விலகித் தகடு மின்னும். அப்படியே அமிலத் தொட்டியில் இறக்கினால் கோடு விழுந்த இடத்தை மட்டும் அமிலம் தின்னும், சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். கோழி இறகால் அவற்றை மெதுவாகத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய கோடு வேண்டுமென்றால் சீக்கிரம் எடுக்கலாம், கறுத்த கோட்டுக்கு நேரம் கூட்ட வேண்டும். பிறகு மையைத் தேய்த்து, கஞ்சி போட்ட வலைத்துணியால் மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே சக்கரத்தைச் சுற்றினால், காகிதம் தகட்டிலிருந்து உரிந்து வரும். படம் இடவலமாகத் திரும்பியிருக்கும்.

தன் மேல் நம்பிக்கையில்லாத பிள்ளைக்கு இந்தத் திரும்பல் பெரிய உபகாரம். தான் வரைந்ததை வேறு யாரோ வரைந்ததுபோல அங்கேதான் முதல் முறையாகப் பார்க்கும். சரியில்லாத இடத்தைத் தகட்டில் சுரண்டி, மறுபடி வரைந்து, இன்னொரு சோதனைப் படி எடுக்கலாம். முதல் படி, இரண்டாம் படி, ஏழாம் படி எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்கும். கிழித்துப் போட வேண்டிய வேலையே இல்லை. தவறும் கணக்கில் வந்துவிடுகிறது. திருப்தியான பிறகு பத்துப் பிரதி எடுத்து, கீழே பென்சிலால் 1/10, 2/10 என்று எண் போட்டுக் கையெழுத்திடுவார்கள். பத்துமே அசல்தான். ஒரே கேன்வாஸுக்கு ஒரே பணக்காரரைத் தேடுவதைவிட, நடுத்தர வீட்டுச் சுவர்கள் பத்துக்கு விற்பது எளிது. ஏற்றுமதிக் கணக்குப் பார்ப்பவர் நீங்கள், உங்களுக்கு இது புரியும்.

இந்தத் துறையில் நம் பக்கத்து ஆள்கள் சாதாரணமானவர்கள் அல்லர். சித்தூர் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்துவிட்டு ஐரோப்பா போனார். மையில் எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைத்தால் ஒரு மை இன்னொன்றோடு ஒட்டாது. இதை வைத்து ஒரே தகட்டில் பல வண்ணங்களை அச்சிடும் முறையைப் பாரிஸில் வளர்த்தெடுத்தார். தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் இதே சென்னைக் கல்லூரியில் படித்தவர். எண்களும் பறக்கும் பாதைகளும் கோடுகளுமாக அவர் செய்த அச்சோவியங்களை உங்கள் மகள் ஒரு மணி நேரமாவது பார்க்க வேண்டும். கிரீம்ஸ் சாலையிலேயே அச்சு எந்திரங்களுடன் கூடிய பட்டறையும் இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வருமானத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பட்டம் வாங்கிய மறுமாதம் சம்பளம் வராது. முதல் சில வருடங்கள் புத்தக அட்டை, பத்திரிகைக் கோட்டோவியம், பள்ளி ஓவிய ஆசிரியர் வேலை என்று கலந்துதான் ஓடும். மேற்படிப்புக்குப் பரோடா, சாந்திநிகேதன் கலைக் கல்லூரிகள் இரண்டும் இருக்கின்றன, இரண்டிலும் இந்தத் துறை வலுவானது. துணியும் அவளுக்குக் கைகொடுக்கும். கோட்டோவியத்தில் தமிழர் எல்லோரும் கொண்டாடும் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். துணிக்கான வடிவமைப்பு அவருக்குச் சோறு போட்டது, காந்தியை விதவிதமாக வரைவதை அது தடுக்கவும் இல்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த வழி அந்நியமாக இருக்காது.

மகளுக்கும் இரண்டு வார்த்தை. அம்மா, மூன்று மாதத்துக்கு அந்த நீர்த்துளிப் பக்கங்களைப் போனில் பார்க்காதே. வாரம் ஒரு ஓவியரை எடுத்துக்கொள். ஆதிமூலம், சந்தானராஜ், ஆர்.பி. பாஸ்கரன், டிராட்ஸ்கி மருது, பெனித்தா பெர்சியாள் என்று போகலாம். அவர்கள் படத்தைக் காப்பி அடிக்காதே. ஒரு மூலையை மட்டும் எடுத்து, கோடு எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று உன் நோட்டில் குறித்துக்கொள். பிடிக்காத படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. பிடிக்கவில்லை என்பதும் ஓர் அபிப்பிராயம்தான், உனக்கு இதுவரை அது இருக்க அனுமதி கிடைக்கவில்லை.

மாமாவிடம் யார் சொல்வது என்று நீங்கள் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டீர்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஐயா. அந்த நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டும் தேதி வருவதற்குள் சொல்லிவிடுங்கள். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். இருநூறு பக்க நோட்டில் அறுபதுக்கு மேல் இல்லை, தைத்த இடத்தில் கிழிந்த விளிம்புகள் மட்டும் நிற்கின்றன. கிழித்தவற்றை அம்மா பரண்மேல் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். அவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.