பூஸ்ட் போட்டும் கிளிநொச்சித் தையல்கடைக்கு ஆள் வரேல்லையெண்டால்

பேஸ்புக்கில காசு கட்டிப் போட்ட விளம்பரத்துக்கு (பூஸ்ட்) 400 லைக் வந்தும் ஒரு ஓடரும் இல்லையெண்டு எழுதியிருக்கிறியள். ஓடுற பூஸ்டை நிப்பாட்டி, அதைக் காட்டுற இடத்தை மாத்துங்கோ. 'இலங்கை' எண்டதை எடுத்துப்போட்டு, வரைபடத்தில கிளிநொச்சியில புள்ளி வைச்சு, சுத்திவர 25 கிலோமீற்றர் குடுங்கோ. பரந்தன், இரணைமடு, தருமபுரம் அதுக்குள்ள வரும்.

400 லைக் வந்தும் ஒரு ஓடரும் இல்லையெண்டு எழுதியிருக்கிறியள். கொழும்பில இருக்கிற ஆள் படத்துக்கு லைக் போடுவார். பிளவுஸுக்கு அளவு குடுக்க ஏ9 வீதியால வரமாட்டார். அதுதான் காரணமெண்டு நினைக்கிறன்.

உங்கட பேஸ்புக் பக்கத்தின்ர இன்சைட்ஸில (பாக்கிற ஆக்களின்ர விபரம் காட்டுற இடம்) எந்த ஊர் ஆக்கள் கூட எண்டு ஒருக்காப் பாருங்கோ.

படமும் முக்கியம். கழுத்துக்கரை வேலையைக் கிட்டவா எடுத்து, தையல்கூலி, எத்தனை நாள், எந்தச் சந்தி எண்டு கீழ எழுதுங்கோ. வாட்ஸ்அப் பட்டனும் கட்டாயம்.

இடத்தை மாத்தினாலும், போன் இருக்கிற இடம் சிலவேளை பிழையாத்தான் கணிபடும். வெளியூர் ஆக்கள் கொஞ்சப்பேர் வரத்தான் செய்வினம்.