தழும்பாகப் பதிந்த வணிகக் குறி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கலைஞர் ஹேங்க் வில்லிஸ் தாமஸின் ‘பிராண்டட் ஹெட்’ புகைப்படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நுகர்வுப் பண்பாட்டை விமர்சிக்கும் படம் என்கிறீர்கள். எனக்கோ அது இன்னொரு நைக்கி விளம்பரமாகவே படுகிறது. ஒரு மனிதரின் உடலை இப்படிக் காட்சிப்பொருளாக்குவது முறையா?

கே.

அன்புள்ள கே.,

2003இல் வெளிவந்த அப்படத்தில் ஒரு கறுப்பினத்தவரின் மழித்த தலை பக்கவாட்டில் தெரிகிறது. அதில் நைக்கியின் குறி தடித்த தழும்பாகப் புடைத்து நிற்கிறது. (தழும்பு கணினியில் சேர்க்கப்பட்டது, யாருடைய தோலும் சுடப்படவில்லை.) ஒளியும் தோலின் மினுமினுப்பும் விளம்பரத்துக்குரியவைதான். விளம்பரம் பார்த்துப் பழகிய கண் முதலில் அதை ரசித்துவிடுகிறது. அதன் பிறகே, அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் விலைக்கு வாங்கிய மனிதர்களின் உடலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் உடைமைக் குறியிட்ட வரலாறு நினைவில் வந்து தைக்கிறது. படம் அழகற்றதாக இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே விலகியிருப்போம்.

உடலைக் காட்சிப்பொருளாக்குவது பற்றிய உங்கள் கேள்வி இன்னும் கனமானது. தாமஸ் இதை வெளியே நின்று பார்த்தவர் அல்லர். அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவர் 2000ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில், தங்கச் சங்கிலிக்கான வழிப்பறியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இறுதிச் சடங்கில், துயரத்தில் நிற்கும் குடும்பத்தாரை எடுத்த படத்தின் மீது, பொருள்களின் விலையை அடுக்கி ‘விலைமதிப்பற்றது’ என்று முடியும் மாஸ்டர்கார்டு கடன் அட்டை விளம்பரத்தின் பாணியிலேயே தாமஸ் விலைப்பட்டியல் எழுதினார்: கோட்டு சூட்டு 250 டாலர், துப்பாக்கிக் குண்டு 60 சென்ட், கடைசியில், மகனுக்குச் சவப்பெட்டி தேர்ந்தெடுப்பது, விலைமதிப்பற்றது. ஒரு சங்கிலிக்காக உயிர் போகும் நிலையை உண்டாக்கிய ஆசைகளை எந்த மொழி ஊட்டி வளர்த்ததோ, அதே மொழியில் அந்தச் சாவின் கணக்கைச் சொல்வதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவருடைய இன்னொரு படமான ‘ஸ்கார்டு செஸ்ட்’டைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானது. முகமற்ற ஒரு மார்பில் அதே நைக்கி குறி வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும்போது, உறுத்தல் போய் அலங்காரம் மட்டுமே எஞ்சுகிறது.

உங்களுக்கான சிறந்த பதில் அவருடைய ‘அன்பிராண்டட்’ தொடரில் இருக்கிறது. 1968 முதல் 2008 வரை, கறுப்பினத்தவரை வைத்து வந்த விளம்பரங்களை ஆண்டுக்கு இரண்டாக எடுத்து, எழுத்தையும் நிறுவனக் குறியையும் நீக்கிவிட்டார். பொருளின் பெயர் நீங்கிய பின், அந்த மனிதர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள், யாருக்காக அப்படி நிற்க வைக்கப்பட்டார்கள் என்பது மட்டுமே கண்ணில் படுகிறது. அதைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.