பைத்தான் ப்ராஜெக்டுக்கு வென்வ் போதாதா? டாக்கர் எதற்கு, விண்டோஸ் லேப்டாப்பில் எப்படி அமைப்பது?

கேட்டவர் கல்லூரி முடித்த கையோடு பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். ப்ராஜெக்டை அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே பொட்டலமாக ஓட்டும் டாக்கர் (Docker) என்ற கருவியில் டெவலப்மென்ட் சூழல் அமைக்கச் சீனியர் சொல்லியிருக்கிறார். கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். ப்ராஜெக்டுக்கென்று பைத்தான் பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் வென்வ் (venv) இருக்கும்போது இது ஏன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது கேள்வி.

உங்கள் ப்ராஜெக்டில் இருப்பதெல்லாம் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் கருவி) மூலம் வரும் பைத்தான் லைப்ரரிகள் மட்டும்தான் என்றால் வென்வ் போதும். 2012-ல் பைத்தான் 3.3 வந்தபோதே அது கூடவே வந்துவிட்டது. ராம் தின்னாது, கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆனால் வென்வ் பிரித்து வைப்பது பைத்தான் பேக்கேஜ்களை மட்டும். டேட்டாபேஸ், சி மொழியில் எழுதிய லைப்ரரிகள், ஃபான்ட், மெஷினின் நேர அமைப்பு எதுவும் அதன் கைக்குள் வராது. இவற்றில் ஒன்று உங்கள் ப்ராஜெக்டில் நுழைந்தாலும் அன்றைக்கே டாக்கருக்கு மாறிவிடுங்கள் என்பேன்.

நாங்கள் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட் கமிஷன் மண்டிகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம். வெப் பகுதிக்கு ஃபாஸ்ட்ஏபிஐ, டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரஸ், தமிழில் பிடிஎஃப் பில் எடுக்க வீஸிபிரின்ட். தமிழ் பிடிஎஃப்தான் எங்களை டாக்கர் பக்கம் தள்ளியது. தேங்காயில் வரும் இரட்டைக் கொம்பு, கோப்பில் 'த'வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட்டிருக்கும். தாளில் அது முன்னால் வந்தாக வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற சி லைப்ரரி, வீஸிபிரின்ட் அதை, எழுத்துகளை அடுக்கும் பாங்கோ என்ற இன்னொரு லைப்ரரி வழியாகக் கூப்பிடுகிறது. பிப் இன்ஸ்டால் செய்தால் வீஸிபிரின்ட் வரும், பாங்கோ வராது. விண்டோஸில் அதற்கென்று எம்எஸ்ஒய்எஸ்2 என்று தனியாக ஒன்றைப் போட்டு அதன் வழியாக பாங்கோவை இறக்க வேண்டும், உபுண்டு லினக்ஸில் ஏபிடி, மேக்கில் ஹோம்ப்ரூ என்ற இன்ஸ்டால் கருவிகள். ஒரே ஆபீஸில் மூன்று விதமான லேப்டாப் இருந்தால் மூன்று விதமான பதிப்பு, மூன்று விதமான பிழை. வேலைக்குச் சேர்ந்த பிள்ளை முதல் வாரம் முழுக்க இன்ஸ்டாலேஷனிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு பொறுப்பதில்லை. அந்த வாரத்தில் அவர் கோட் எழுதியிருக்கலாம்.

டாக்கர் 2013-ல் வெளிவந்தது. அது ப்ராஜெக்டை ஓட்டுவது கன்டெய்னருக்குள். கன்டெய்னர் என்பது தனி கம்ப்யூட்டர் அல்ல. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தரும் நேம்ஸ்பேஸ், சிகுரூப் என்ற வசதிகளால் மற்றவற்றிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஒரு ப்ராசஸ். அதனால் அதற்கு லினக்ஸ் கெர்னல் கட்டாயம் வேண்டும். விண்டோஸில் அந்த கெர்னலைத் தருவது, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 (WSL 2).

உங்கள் லேப்டாப் 8 ஜிபி என்பதால் இங்கே கொஞ்சம் கவனம். டபிள்யூஎஸ்எல் 2 இயல்பாகவே பாதி ராம் வரை எடுத்துக்கொள்ளும். பிரவுசரும் விஎஸ் கோடும் சேர்ந்தால் மெஷின் திணறும். விண்டோஸ் யூசர் ஃபோல்டரில் டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் (.wslconfig) என்ற ஃபைலை உருவாக்கி மெமரியை 3 ஜிபி என்று கட்டுப்படுத்துங்கள். விண்டோஸில் போடும் டாக்கர் டெஸ்க்டாப் ஆப் சின்ன கம்பெனிகளுக்கு இலவசம்தான். இருந்தாலும் 8 ஜிபி மெஷினில் நான் அதைப் போடமாட்டேன். டபிள்யூஎஸ்எல்லுக்குள் உபுண்டு போட்டு, அதற்குள் நேராக டாக்கர் எஞ்சினை இன்ஸ்டால் செய்தால் சுமை குறைவு.

அடுத்து, கோட் ஃபோல்டரை சி டிரைவில் வைக்காதீர்கள். உபுண்டுவின் ஹோம் ஃபோல்டருக்குள் கிட் க்ளோன் செய்யுங்கள். சி டிரைவில் இருந்தால் ஒவ்வொரு ஃபைலையும் லினக்ஸ் எல்லை தாண்டிப் போய்ப் படிக்க வேண்டும், அது மெதுவு. அதைவிட, ஃபைல் மாறிய செய்தி லினக்ஸ் பக்கம் வந்து சேராது. நீங்கள் கோட்டை மாற்றி சேவ் செய்வீர்கள், சர்வர் தானாக ரீலோட் ஆகாது, காரணமும் தெரியாது.

இனி டாக்கர்ஃபைல், அதாவது கன்டெய்னருக்குள் என்னென்ன வேண்டும் என்று எழுதும் ஃபைல். அதன்படி கட்டப்படுவது இமேஜ், அதிலிருந்துதான் கன்டெய்னர் ஓடும். முதல் வரியில் எந்த ஆயத்த இமேஜின் மேல் கட்டுவது (பேஸ் இமேஜ்) என்று எழுதுவீர்கள். முழு பைத்தான் இமேஜ் விரிந்தால் ஒரு ஜிபி பக்கம் வரும், அதன் சிறிய வடிவமான ஸ்லிம் சுமார் 130 எம்பி. ஸ்லிம் எடுங்கள். அதையும் வெறும் ஸ்லிம் என்று விடாமல் பைத்தான் 3.12, டெபியன் புக்வார்ம் (இமேஜுக்குள் இருக்கும் டெபியன் லினக்ஸின் 12-வது பதிப்பு) என்று முழுப்பெயரோடு எழுதுங்கள். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்த பிறகு, டெபியன் பெயர் இல்லாத ஸ்லிம் டேக் அதற்கு மாறிவிட்டது. அதோடு ஏபிடி தரும் லைப்ரரிகளின் பதிப்பும் மாறிவிடுகிறது. ஆல்பைன் இமேஜ் இன்னும் சின்னது என்று யாராவது சொல்வார்கள். அதில் இருக்கும் அடிப்படை சி லைப்ரரி ஜிலிப்சி (glibc) அல்ல, மசில் (musl). வழக்கமான லினக்ஸுக்கென்று முன்கூட்டியே கட்டி வைத்த பைத்தான் பேக்கேஜ்களான வீல்கள் அதில் செல்லாது. மசிலுக்கென்று தனி வீல் இல்லாத பேக்கேஜ் எல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே கம்பைல் ஆகும். பைத்தான் வேலைக்கு ஆல்பைன் வேண்டாம்.

ஏபிடி வரியில் பாங்கோவைச் சேர்க்கும்போதே ஒரு தமிழ் ஃபான்டையும் சேர்த்துவிடுங்கள். லோஹித் தமிழ் டெபியன் பேக்கேஜாகவே கிடைக்கிறது. ஸ்லிம் இமேஜில் தமிழ் ஃபான்ட் கிடையாது, பாங்கோ சரியாக இருந்தாலும் பில்லில் கத்தரிக்காய்க்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத்தான் வரும். உங்கள் லேப்டாப்பில் ஃபான்ட் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், கன்டெய்னருக்கு அது தெரியாது. போஸ்ட்கிரஸ் டிரைவரிலும் இதே கதை: சைகோபிஜி2-ஐ அப்படியே கேட்டால் ஸ்லிம் இமேஜில், கம்பைல் செய்யத் தேவையான பிஜி கான்ஃபிக் காணோம் என்று நின்றுவிடும். டெவலப்மென்டுக்கு அதன் பைனரி பேக்கேஜே போதும்.

டாக்கர்ஃபைலில் வரிகளின் வரிசை முக்கியம். ஒவ்வொரு கட்டளையின் முடிவையும் டாக்கர் ஒரு லேயராகச் சேமித்து வைக்கிறது. நடுவில் ஒன்று மாறினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் மறுபடி ஓடும். அதனால் ரெக்வயர்மென்ட்ஸ் (பேக்கேஜ் பட்டியல்) ஃபைலை மட்டும் முதலில் காப்பி செய்து பிப் இன்ஸ்டால் கொடுங்கள், கோட்டைக் கடைசியில் காப்பி செய்யுங்கள். மொத்த ஃபோல்டரையும் முதலில் காப்பி செய்துவிட்டால் ஒரு கமா மாற்றினாலும் அடுத்த பில்டில் அத்தனை பேக்கேஜும் மறுபடி இறங்கும். நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டு ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். இமேஜுக்குள் போகக்கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோர் ஃபைலில் வென்வ் ஃபோல்டர், கிட் ஃபோல்டர், பாஸ்வேர்ட் இருக்கும் என்வ் ஃபைல் மூன்றையும் எழுதிவிடுங்கள். கன்டெய்னருக்குள் வென்வ் தேவையில்லை, அது ஒரே ப்ராஜெக்டுக்கென்று இருப்பதுதானே.

பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கம்போஸ் ஃபைலில் இரண்டு சர்வீஸ்: ஆப், டிபி (டேட்டாபேஸ்). ஆப் சர்வீஸில் உங்கள் கோட் ஃபோல்டரை அப்படியே உள்ளே மவுன்ட் செய்யுங்கள். சேவ் செய்தவுடன் உள்ளே தெரியும். ஆப்பை ஓட்டும் சர்வரான யூவிகார்ன் 127.0.0.1-ல் கேட்டுக்கொண்டிருந்தால் கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் பிரவுசருக்குக் காது கேட்காது, 0.0.0.0 என்று கொடுக்க வேண்டும். அதேபோல டேட்டாபேஸ் முகவரி லோக்கல்ஹோஸ்ட் அல்ல. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். சர்வீஸின் பெயரான டிபி என்பதையே ஹோஸ்டாகக் கொடுங்கள். டிபென்ட்ஸ் ஆன் என்று மட்டும் போட்டால் போஸ்ட்கிரஸ் கன்டெய்னர் கிளம்பியதும் ஆப்பும் கிளம்பிவிடும், டேட்டாபேஸ் இன்னும் தயாராகியிருக்காது. போஸ்ட்கிரஸ் தயாரா என்று பார்க்கும் பிஜி இஸ்ரெடி கட்டளையை ஹெல்த்செக்காக வைத்து, ஹெல்த்தி ஆன பிறகே ஆப் தொடங்கும்படி நிபந்தனை எழுதுங்கள். டேட்டாவுக்குப் பெயரிட்ட வால்யூம் (கன்டெய்னர் போனாலும் தங்கும் சேமிப்பிடம்) கொடுங்கள். கம்போஸ் டவுன் கட்டளையோடு வி ஃப்ளாக் சேர்த்தால் அந்த வால்யூமும் போய்விடும், நெட்டில் பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டும் முன் இதைப் பாருங்கள்.

நேரம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கன்டெய்னரின் கடிகாரம் இயல்பாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 5.30 வரை யூடிசியில் முந்தின நாள்தான். பகலில் உட்கார்ந்து டெஸ்ட் செய்கிறவர் கண்ணுக்கு இது படவே படாது. காய்கறி மண்டி விடிவதற்கு முன்பே களைகட்டிவிடும். சோதனைக்கு ஓட்டிக் காட்டியபோது மண்டி அண்ணாச்சி பில்லை லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, இப்ப அடிச்ச பில்லுல நேத்துத் தேதி கெடக்கு?" காலை 4.10-க்கு எடுத்த பில். மண்டியில் தேதி மாறினால் அன்றைய கணக்கும் கமிஷனும் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பட்டுவாடாவும் சேர்ந்து மாறும். கம்போஸ் ஃபைலில் டிஇசட் என்ற என்விரான்மென்ட் மாறியில் ஏசியா/கொல்கத்தா என்று எழுதினால் கன்டெய்னர் நம் நேரத்துக்கு வரும். நான் அதோடு நிறுத்துவதில்லை. கோடிலேயே பைத்தானின் ஜோன்இன்ஃபோ மாட்யூலை வைத்து நேர மண்டலத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம், டேட்டாபேஸில் நேர மண்டலத்தோடு சேமிக்கிறோம். பில் எந்த மெஷினில் ஓடினாலும் தேதி விவசாயியின் தேதியாக இருக்க வேண்டும்.

கன்டெய்னர் ரூட்டாக, அதாவது எல்லா அனுமதியும் உள்ள யூசராக ஓடினால், மவுன்ட் செய்த ஃபோல்டரில் அது உருவாக்கும் ஃபைல்களை ரூட் அனுமதி இல்லாமல் உங்களால் திருத்த முடியாது. டாக்கர்ஃபைலில் 1000 என்ற எண்ணில் ஒரு யூசரை உருவாக்கி அதற்கு மாறுங்கள். உபுண்டுவில் நீங்கள் உருவாக்கிய முதல் யூசரின் எண்ணும் பெரும்பாலும் அதுதான்.

விஎஸ் கோடில் டெவ் கன்டெய்னர்ஸ் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, டெவ்கன்டெய்னர் ஜேசான் ஃபைலில் எந்த கம்போஸ் ஃபைல், எந்த சர்வீஸ் என்று காட்டினால் எடிட்டரே கன்டெய்னருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆட்டோகம்ப்ளீட், பிரேக்பாயின்ட் எல்லாம் உள்ளே இருக்கும் பைத்தானையே பார்க்கும். இந்த ஃபைலையும் கிட்டில் சேருங்கள்.

நெட் மெதுவாக இருக்கும் ஊரில் இருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஆபீஸில் கட்டிய இமேஜை டாக்கர் சேவ் கட்டளையால் ஒரே ஃபைலாக்கி பென்டிரைவில் கொண்டுபோய், வீட்டில் டாக்கர் லோட் கொடுக்கலாம். அம்பாசமுத்திரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கொடுத்து அனுப்புகிறோம். இரண்டு பக்கமும் ஒரே வகை ப்ராசஸராக இருக்க வேண்டும். எம் சீரிஸ் மேக்கில் கட்டியதை இன்டெல் லேப்டாப்பில் அப்படியே ஓட்ட முடியாது.

இவ்வளவையும் ஒரே நாளில் தொட வேண்டாம். முதலில் டாக்கர்ஃபைலை மட்டும் எழுதி, உள்ளே பைத்தானைத் திறந்து, 'தேங்காய் 20 கிலோ' என்று ஒரு வரி பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். கொம்பு சரியான இடத்தில் வந்துவிட்டால் டேட்டாபேஸைச் சேருங்கள். விஎஸ் கோட் இணைப்பு அதற்கப்புறம்.