படுக்கையறையில் ஒரு ஷாட்கன்: வாசகர் கேள்வி-பதில்

கோவில்பட்டியில் பிறந்தவள் நான். 21 வருடமாக ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் சுடுதளத்தில் புதியவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். போன இதழில் வீட்டுக்காவல் துப்பாக்கி பற்றி நாலு வரி எழுதினேன். ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவில் பல ஈயக் குண்டுகளைச் சுடும் நீளத் துப்பாக்கி. சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறினால் செமி ஆட்டோமேட்டிக், கையால் ஏற்ற வேண்டியிருந்தால் பம்ப். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

கிரீன் கார்டு வந்த கையோடு ஒரு செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்கினேன் அக்கா, பெரெட்டா 1301. டார்ச், ரெட் டாட், தோள்வார், தோட்டா பட்டை, நீள மேகசின் என்று 900 டாலருக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்குவது?
– ச.வே., டாலஸ்

முதலில் டார்ச் தம்பி. அதுவும் இரண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அம்மா ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள், விடியற்காலை மூன்றரை இருக்கும், கீழே சமையலறையில் சத்தம். எனக்கு முழு விழிப்பு வரவில்லை. கை துப்பாக்கிப் பெட்டிப் பக்கம் போய்விட்டது. அப்போது டபராவில் டம்ளர் உரசும் சத்தம் கேட்டது. அது மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. படுத்த இடத்திலிருந்தே "அம்மா!" என்று கூப்பிட்டேன். "தூக்கம் வரலைடி, காபி போடுறேன்" என்று பதில் வந்தது.

அதனால் என் வரிசை இதுதான்: முதலில் குரல், அப்புறம் கையில் பிடிக்கும் டார்ச், அதற்கப்புறம்தான் துப்பாக்கியில் மாட்டிய டார்ச். துப்பாக்கியில் மாட்டிய டார்ச்சை வைத்து ஒருவரைத் தேடினால், யார் மேல் வெளிச்சம் விழுகிறதோ அவர் மேல் குழலையும் நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். 1000 லூமன் வெளிச்சம் இருந்தால் குழலைத் தரைப் பக்கம் தாழ்த்தியபடியே எரியவிட்டாலும் அறை முழுக்கத் தெரியும். அதைப் பழகிக்கொள்ளுங்கள். முன்பிடியில் கை வைத்தால் கட்டைவிரல் தானாகப் போய் நிற்கிற இடத்தில் சுவிட்ச் இருக்க வேண்டும். விரல் தேடிப்போகிற மாதிரி இருந்தால் மாட்டிய இடம் தப்பு. சுட்டால் லென்ஸில் கரி படியும். வாசலின் மெல்லிசாகத் தடவி வைத்தால் பிறகு துணியால் வழித்து எடுத்துவிடலாம். பேட்டரியை நான் வருடா வருடம் ஆயுத பூஜை அன்று மாற்றுகிறேன். அன்றைக்கு எப்படியும் துடைத்துச் சுத்தம் செய்கிற நாள், மறக்காது.

இரண்டாவது, உங்கள் பட்டியலிலேயே இல்லாதது: தோளில் பதிகிற பின்கட்டையின் நீளம். கடையிலிருந்து வரும் கட்டைகள் பெரும்பாலும் 14 அங்குலம் ஒட்டியே இருக்கும். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். முதல் வருடம் முழுக்க முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டு சுட்டு, தோள் கன்றிப்போய், இந்த ஆயுதம் நமக்கானது இல்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். பன்னிரண்டரைக்குக் குறைத்த அன்றே எல்லாம் மாறிவிட்டது. முதலில் துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பாருங்கள். பிறகு முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை அந்த மடிப்பில் வையுங்கள். விரல் ட்ரிக்கர் வரை சிரமமில்லாமல் எட்ட வேண்டும். வீட்டில் இருவர் எடுப்பதாக இருந்தால் குட்டையானவர் அளவுக்கே வையுங்கள். உயரமானவர் குட்டைக் கட்டையைச் சமாளித்துவிடுவார். உதையைத் தாங்க, முன்கையால் முன்னே தள்ளி, பின்கையால் தோளோடு இழுத்துப் பிடியுங்கள்.

உபரித் தோட்டாவைத் துப்பாக்கியிலேயே செருகி வைக்கிற தோட்டா பட்டையில், வெல்க்ரோவில் ஒட்டுகிற எலாஸ்டிக் வகை போதும். தோள்வார் வேண்டும், ஒரு கையில் குழந்தை, காதில் 911 என்றால் துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள்? ஆனால் தொங்கவிட்டால் கதவுக் கைப்பிடியில் மாட்டும். நான் சுருட்டி ஒரு தலைமுடி ரப்பர் பேண்டில் செருகி வைத்திருக்கிறேன், இழுத்தால் வந்துவிடும்.

ரெட் டாட், அதாவது குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி, நல்லதுதான், அவசரமில்லை. என்னுடைய முதல் ஒன்று நாற்பது தோட்டாவுக்குள் ஸ்க்ரூ தளர்ந்து, புள்ளி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம் என்று போனது. மாட்டும்போது த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, காய்ந்ததும் ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது.

மேகசின் என்பது தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்; நீள மேகசினை மட்டும் கடையில் கேட்காமல் மாட்டாதீர்கள். உங்களுடையது இத்தாலியத் தயாரிப்பு. இறக்குமதி ஷாட்கன்களில் என்ன மாற்றலாம் என்பதற்கு 922(ஆர்) என்று ஒரு மத்திய சட்டப் பிரிவு இருக்கிறது. குழலை வெட்டும் யோசனையும் வேண்டாம். 1934 சட்டப்படி 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல், பதிவு செய்யாமல் வைத்திருந்தால் பெரிய குற்றம்.

இத்தனை மாட்டினால் எடை கூடும். உங்களுடையது சுடும்போது வருகிற வாயுவின் அழுத்தத்தால் ஓடுகிறது, பெரிதாகக் கவலை இல்லை. பெனெல்லி எம்2 மாதிரி, உதையின் வேகத்தில் ஓடுகிற வகைக்கு எடை கூடினால் அடுத்த தோட்டா ஏறாமல் நிற்க வாய்ப்புண்டு. எந்த வகையானாலும் எல்லாம் மாட்டிய பிறகு, வீட்டில் வைக்கப்போகிற அதே தோட்டாவில் குறைந்தது ஐம்பது சுட்டுப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். 900 டாலரில் பாதியைத் தோட்டாவுக்கும் வகுப்புக்கும் ஒதுக்குங்கள்.

அவருக்கு நைட் ஷிஃப்ட். நானும் ஆறு வயது மகளும்தான் இரவில். மேகசினில் தோட்டா போட்டு, போல்ட்டை இழுத்து விட்டேன், தோட்டா ஏறவே இல்லை. துப்பாக்கி பழுதா?
– ம., சான் அன்டோனியோ

பழுது இல்லை தங்கச்சி. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பம்ப் ஷாட்கனில் முன்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் தோட்டா ஏறிவிடும். செமி ஆட்டோக்களில் பலவும் அப்படி இல்லை. மேகசினில் இருக்கிற தோட்டாவை ஒரு தடுப்பு பிடித்து வைத்திருக்கிறது. ஒரு தடவை சுட்டால் அதுவாக விடும், வெறுமே போல்ட்டை இழுத்தால் விடாது. தோட்டாவை விடுவிக்கும் பொத்தானை முதலில் அழுத்த வேண்டும், அப்புறம் போல்ட்டை இழுத்து விட வேண்டும். உங்கள் மாடலில் அந்தப் பொத்தான் எங்கே என்று கையேட்டில் படம் இருக்கும். டம்மி தோட்டா ஒரு ஐந்து வாங்கி, உண்மைத் தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் பழகுங்கள். கண் தேடாமல் கை போக வேண்டும். விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே, எப்போதும்.

வைக்கும்போது சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) காலி, மேகசினில் மட்டும் தோட்டா. ஷாட்கனின் சேஃப்டி பொதுவாக ட்ரிக்கரை மட்டும்தான் பூட்டும். ஏற்றி வைத்த துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பூட்டுப் பெட்டி கட்டாயம், ரகசிய எண்ணை விரலால் அழுத்தித் திறக்கிற வகை. அலமாரி மேல்தட்டு உயரம் என்று சமாதானம் சொல்லாதீர்கள், ஆறு வயதுக்கு நாற்காலி இழுக்கத் தெரியும். தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால், டெக்சஸில் அது வைத்தவரின் குற்றம், தண்டனைச் சட்டம் 46.13.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் பெயரில் வாங்கி என் வீட்டில் வைக்கலாமா?
– பெயர் வேண்டாம், ஆஸ்டின்

வேண்டவே வேண்டாம். எச்-1பி, எச்-4 எல்லாம் குடியேற்றம் சாராத விசாக்கள். அதில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதையும் வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்புகிற படிவம் 4473-இல் நண்பர் தனக்கென்று எழுதிக் கொடுத்து உங்களுக்காக வாங்கினால் அவரும் மாட்டுவார். இத்தனை வருடம் காத்திருந்த கிரீன் கார்டை இதற்காகப் பணயம் வைக்காதீர்கள். நல்ல கதவுப் பூட்டு, வாசல் விளக்கு, ஒரு நாய்: இவை எந்த விசாவிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஷாட்கன் என்றால் குறி பார்க்க வேண்டாம், குண்டு பரவிப் போய் அடிக்கும் என்கிறார்களே?
– இரா., ஃப்ரிஸ்கோ

வீட்டுக்குள் பரவ இடம் ஏது ஐயா? எங்கள் ஹாலின் நீளம் 9 மீட்டர். அதே தூரத்தில் தாள் ஒட்டிச் சுட்டுப் பார்த்தேன். 12 கேஜில் (குழலின் அளவு) ஒன்பது பெரிய ஈயக் குண்டு உள்ள சாதாரண 00 பக்‌ஷாட் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தது, ஒரு குண்டு மட்டும் தள்ளிப்போய்விட்டது. ஃபெடரலின் ஃப்ளைட்கன்ட்ரோல், எட்டுக் குண்டு, உள்ளங்கைக்குள் அடங்கியது. தள்ளிப்போகிற அந்த ஒரு குண்டுக்காகவே நான் எட்டுக்கு மாறினேன்.

நம் ஊரில் வீட்டுச் சுவர் செங்கல். இங்கே மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் அட்டை. 00 குண்டு அப்படிப்பட்ட உள்சுவர் இரண்டு மூன்றை எளிதாகத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் ஒரு பகலில், கையில் எதுவும் இல்லாமல், நிற்கப்போகிற இடத்தில் நின்று பாருங்கள். அந்தத் திசையில் அடுத்த அறை யாருடையது, அதற்கப்பால் பக்கத்து வீட்டில் யார் தூங்குகிறார்கள்? நான் அப்படி நின்று பார்த்தபோது படிக்கட்டுக்கு நேர் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், என் மகளின் கட்டில் இருந்தது. அன்று சாயங்காலமே கட்டிலை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தினோம்.