ஜெர்மனியின் வைன் ஊர்களில் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் எங்கே போகலாம்?

ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன வைன் ஊராக இருக்க வேண்டும், வரலாறும் மக்கள் வாழ்க்கையும் அங்கே தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பெர்ன்காஸ்டல்-கூஸ். மோசல் ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே இருந்த இரண்டு ஊர்களை 1905-இல் ஒன்றாக்கினார்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெர்ன்காஸ்டல் பக்கத்துச் சந்தைச் சதுக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். மரச்சட்ட வீடுகள், 1606-ஆம் ஆண்டு நீரூற்று, கீழே ஒடுங்கி மேலே அகன்று நிற்கும் 1416-ஆம் ஆண்டு வீடு, எல்லாம் அழகுதான். ஆனால் பாலத்தைத் தாண்டிக் கூஸ் பக்கம் போகாமல் வந்துவிடாதீர்கள்.

அங்கேதான் 1401-இல் ஒரு படகு வணிகரின் மகனாக நிக்கோலாஸ் பிறந்தார். பின்னாளில் கர்தினால் ஆனார். பிரபஞ்சத்துக்குப் பூமி மையமல்ல என்று கோப்பர்நிகஸுக்கு நூறு ஆண்டுகள் முன்பே எழுதியவர். அவரும் அவருடைய உடன்பிறந்தவர்களும் தங்கள் சொத்தைக் கொடுத்து ஏழை முதியவர்களுக்காக ஆற்றங்கரையில் ஓர் இல்லம் கட்டினார்கள். இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கில் 33 பேருக்கு இடம். பாதிரியார்கள் 6 பேர், பிரபுக்கள் 6 பேர், மீதி 21 பேரும் சாதாரண மக்கள். செலவுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் எழுதி வைத்தார்கள். 550 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இன்னும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. கர்தினாலின் உடல் ரோமில் இருக்கிறது. இதயத்தை மட்டும் இங்கே கொண்டுவந்து சிற்றாலயத்தில் புதைத்தார்கள். அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளும் இங்கேதான். நான் போன அன்று உள்முற்றத்தில் ஒரு பாட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எந்த அருங்காட்சியகத்திலும் எனக்கு அப்படி மனம் நெகிழ்ந்ததில்லை.

அப்புறம் மலைச்சரிவுக்கு ஏறுங்கள். இவ்வளவு வடக்கே திராட்சை பழுக்கக் காரணமே அந்தச் சரிவுதான். தெற்கு பார்த்த சரிவு, கறுத்த சிலேட்டுக்கல் மண். கல் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. பழைய முறையில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கம்பு நட்டு, கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுகிறார்கள். நிற்கவே கால் வழுக்கும் இடம்; பெரும்பாலும் கைவேலைதான். ஊர்க் கூரைகளுக்கு நேர் மேலே இருக்கும் தோட்டத்தின் பெயர் ‘டாக்டர்’. 14-ஆம் நூற்றாண்டில் நோயில் கிடந்த, ட்ரியர் நகரத்துப் பேராயர் இரண்டாம் போமுண்ட் இந்த வைனைக் குடித்து எழுந்ததாகக் கதை.

இந்த அழகைப் பார்த்து இது எப்போதும் செழிப்பான ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. ட்ரியரில் பிறந்த கார்ல் மார்க்ஸ், 1843-இல் தான் ஆசிரியராக இருந்த செய்தித்தாளில் மோசல் திராட்சை விவசாயிகளின் வறுமையைப் பற்றி எழுதினார். 1926 பிப்ரவரியில், விலை சரிந்து, வெளிநாட்டு வைன் மலிவாக வந்து குவிய, வரியும் கழுத்தை நெரித்தபோது, சுற்றுவட்டார விவசாயிகள் பெர்ன்காஸ்டல் வரி அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். கோப்புகளை ஜன்னல் வழியே வீசித் தீ வைத்தார்கள். அந்த ஆண்டே வைன் வரி நீக்கப்பட்டது. எனக்கு இந்த ஊர் மேல் மதிப்பு கூடியது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

எப்போது போகலாம் என்றால், செப்டம்பர் முதல் வார இறுதியில் பெரிய வைன் திருவிழா உண்டு, கூட்டம் நெரியும். அமைதி வேண்டுமானால் அறுவடை நடக்கும் அக்டோபர். விவசாயிகள் ஆண்டில் சில மாதம் மட்டும் தங்கள் வீட்டிலேயே வைன் கடை நடத்துவார்கள். வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் தாராளமாக உள்ளே போங்கள். உங்களுக்கு ஊற்றித் தருபவரே அந்தச் சரிவில் கொடி கட்டியவராகவும் இருப்பார்.